செயலாளரின் ஆண்டறிக்கை: உழைப்பும் சிக்கனமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, சங்க அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தின் முடிவுப்படி, இவ்வாண்டின் மாதாந்திரச் சந்திப்புகள் உழைப்பு, சிக்கனம், பிறர்க்குப் பயன்படும் வாழ்வு ஆகியவற்றைப் பற்றியே நடைபெற்றன. சமூக மன்றத்தில் அறை கிடைக்காத மாதங்களில் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடினோம்.

முதற்சந்திப்பில் நாராயண பிள்ளையின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டோம். 1819இல் பிரிட்டிஷ் அதிகாரி ராபிள்ஸுடன் பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த அவர், இங்கே செங்கல் சூளை அமைத்துக் கட்டட ஒப்பந்தத் தொழிலில் இறங்கினார், துணிக்கடையும் வைத்தார். 1822இல் அந்தக் கடை தீக்கிரையாகிக் கடன் சூழ்ந்தபோதும் ஊரைவிட்டுப் போகாமல், மீண்டும் தொழிலை நிமிர்த்தினார். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827இல் மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டு எழுந்ததற்கு அவரே முன்னின்றார். புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய தமிழர்கள் வேலை கிடைக்கும்வரை அக்கோயிலில் தங்கினார்கள். இழந்ததை மீட்டவர் பலர் உண்டு. மீட்டதைக் கொண்டு ஊருக்கு நிழல் தந்தவர் என்பதே அவரிடம் நாம் கற்க வேண்டியது என்று நான் கருதுகிறேன்.

சிக்கனம் குறித்த சந்திப்பில்தான் பேச்சு மிக நீண்டது. அஞ்சலகச் சேமிப்பு வங்கி இங்கே 1877இலேயே தொடங்கியது. ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதி 1955 ஜூலையில் வந்தபோது தொழிலாளியும் முதலாளியும் ஆளுக்குச் சம்பளத்தில் 5 விழுக்காடு செலுத்தினர். அந்தப் பிடித்தம் கட்டாயமானது. கையில் வரும் மீதிப் பணத்தை ஆள்வதில்தான் நம் மனவுறுதி தெரியும் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கூறினார். அவர் கொண்டுவந்த கணக்குப் புத்தகம் பள்ளி நோட்டுப் புத்தகம்தான்; முதுகில் துணி ஒட்டித் தைத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் வரவு, செலவு, இருப்பு என்ற மூன்றுக்கும் அப்பால் 'கொடுத்தது' என்று நான்காவதாக ஒரு கட்டம் இருந்தது. மிகவும் நெருக்கடியான மாதங்களிலும் அந்தக் கட்டத்தில் ஐம்பது காசாவது, ஒரு வெள்ளியாவது எழுதப்பட்டிருந்தது. புத்தகம் கைமாறிக் கைமாறிச் சென்றபோது கூட்டத்தில் நெடுநேரம் பேச்சே எழவில்லை. சிக்கனத்தையும் கஞ்சத்தனத்தையும் பிரிக்கும் கோடு எங்கே என்று அதற்கு முன் அரைமணி நேரம் விவாதித்த எங்களுக்கு, விடை அந்த நான்காவது கட்டத்தில் இருந்தது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது சங்கத்துக்கும் பொருந்தும். தீபாவளி ஒன்றுகூடலில் வருவோர் எண்ணிக்கையை முன்கூட்டியே கேட்டறியாமல் உணவுக்குச் சொல்லிவிட்டதால் சாதமும் பிரியாணியும் மிஞ்சின. இளையர்கள் பொட்டலம் கட்டி அண்டை வீடுகளுக்கும் அருகில் வேலை செய்த வெளிநாட்டு ஊழியர்களுக்கும் அன்றிரவே கொண்டுபோய்க் கொடுத்தனர். அந்த இளையர்களுக்குச் சங்கம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. ஆயினும் அந்தத் தவறு என்னுடையது. இனி பெயர்ப் பதிவு முடிந்த பின்னரே உணவுக்குச் சொல்லப்படும்.

பழுதுபார்ப்பு நாளும் துணைப்பாட வகுப்பும் வழக்கம்போல் நடைபெற்றன.

வரும் ஆண்டில் துணைப்பாட மாணவர் ஒவ்வொருவருக்கும் நான்கு கட்டங்கள் கொண்ட கணக்குப் புத்தகம் ஒன்றை வழங்கலாம் எனச் செயலவை பரிந்துரைக்கிறது. அதற்கான செலவைப் பொருளாளர் தமது வரவுசெலவு அறிக்கையில் குறிப்பிட்டுள்ளார். உறுப்பினர்கள் ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்