நடுவில் விடுபட்ட ஓர் எழுத்து

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
வாடகைக் கார் முன்பதிவு நிறுவனம், சென்னை.

பொருள்: சென்ட்ரலுக்கு வரவேண்டிய கார் எழும்பூருக்குப் போனது, கட்டிய பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

சென்ற வெள்ளிக்கிழமை காலை நானும் என் 74 வயது அம்மாவும் கோவையிலிருந்து சேரன் எக்ஸ்பிரஸில் சென்ட்ரல் வந்து இறங்கினோம். அங்கிருந்து திருவான்மியூர் போக உங்கள் செயலியில் இரண்டு நாள் முன்பே பதிவு செய்து 940 ரூபாய் கட்டியிருந்தேன்.

எங்கள் பெட்டி வண்டியின் வால்பக்கம். சென்ட்ரலில் தண்டவாளம் முடிகிற இடத்தில்தான் வாசல் என்பதால் நடைமேடை முழுக்க நடந்தாக வேண்டும். மூட்டு அறுவை செய்துகொண்ட அம்மா மூன்று இடத்தில் உட்கார்ந்துதான் வந்து சேர்ந்தார். ஓட்டுநரை அழைத்தால், "ஸ்டேஷன் வாசல்லதான் சார் நிக்கிறேன்" என்கிறார். பத்து நிமிடம் ஒருவரையொருவர் தேடினோம். "மணிக்கூண்டு தெரியுதா?" என்று கேட்டேன். "இங்க ஏது சார் மணிக்கூண்டு? டோம்தான் இருக்கு" என்றார். அவர் நிற்பது எழும்பூர் என்று அப்போதுதான் விளங்கியது.

அவர்மேல் தப்பில்லை. உங்கள் அலுவலகம் அவருக்கு அனுப்பிய தகவலில் 'எம்.எஸ்.' என்று இருந்ததாம். ரயில்வே குறியீட்டில் சென்ட்ரல் எம்.ஏ.எஸ்.; எம்.எஸ். என்பது எழும்பூர். 2019-இல் சென்ட்ரலுக்கு எம்.ஜி.ஆர். பெயர் வைத்த பிறகும் இந்தக் குறியீடு மாறவில்லை. எனக்கு வந்த தகவலில் 'சென்னை சென்ட்ரல்' என்று தெளிவாக இருக்கிறது. நடுவில் இருந்த 'ஏ'யை விழுங்கியது உங்கள் பக்கம்தான்.

இரண்டு கிலோமீட்டர்தானே, வந்துவிடுகிறேன் என்றுதான் அவரும் சொன்னார். அதற்குள் உங்கள் செயலி 'பயணி வரவில்லை' என்று பயணத்தை முடித்து, முழுப் பணத்தையும் எடுத்துக்கொண்டது. உதவி எண்ணில் பேசிய பெண், "மெட்ரோவுல ஒரே ஸ்டேஷன்தானே சார், எழும்பூர் போயிருக்கலாமே" என்றார். நடக்கவே முடியாமல் உட்கார்ந்திருந்தவரை எழுப்பி, உங்கள் காரைத் தேடி நான் மெட்ரோ ஏற வேண்டுமாம்! கடைசியில் வேறு டாக்சிக்கு 700 ரூபாய் கொடுத்துப் போனோம்.

940 ரூபாயை முழுதாகத் திருப்பித் தாருங்கள். டாக்சிச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஓட்டுநருக்கு அபராதம் போட்டிருந்தால் அதை நீக்குங்கள். இனி ஓட்டுநர்களுக்குக் குறியீட்டை அனுப்பாமல் நிலையத்தின் பெயரையே எழுதி அனுப்புங்கள்.

15 நாளில் பதில் வராவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

முன்பதிவுத் தகவல், ரயில் டிக்கெட், டாக்சி ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோவை.