உன் வீட்டை இரவுக் கணக்கில் விடுவது பற்றி

முள்ளியவளை,
2025 ஏப்ரல்

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பாமல் உட்கார்ந்து எழுதியிருக்கிறாயே, அதற்கே ஒரு நன்றி. இங்கே எல்லாரும் சுகம். காலபோகம் வெட்டி முடிந்தது. நெல் விலை வழக்கம்போல வெட்டு நேரம் பார்த்து விழுந்தது. காயவைத்துக் கட்டி வைக்க இடமுள்ளவன் தப்பினான், மற்றவன் வயலடியிலேயே லொறிக்காரனுக்கு ஏற்றிவிட்டான். மனிசிக்குச் சீனி வருத்தம் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது, ஆனால் பாயாசத்தைக் கண்டால் கட்டுப்பாடு போய்விடும். என் முழங்காலைப் பற்றிக் கேட்காதே.

சரி, உன் கோபத்துக்கு வருகிறேன். கனடாவில், கெலோனா ஏரிக்கரைப் பக்கம் நீ வாங்கிப்போட்ட அப்பார்ட்மென்டை இனி வருகிறவர்களுக்கு இரவுக் கணக்கில் எயார்பிஎன்பி இணையத்தளத்தில் விட முடியாது, அரசாங்கம் வயிற்றில் அடித்துவிட்டது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். மகனைக் கொண்டு அந்தச் சட்டத்தின் விவரங்களை எடுப்பித்து ஆறுதலாக வாசித்தேன். பிரதேச சபையில் வருமானப் பரிசோதகராக இருந்தவனுக்குப் பென்சன் எடுத்த பிறகும் ஒழுங்குவிதி வாசிக்கிற பழக்கம் போகாது.

உங்கள் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2023 ஒக்டோபரில் நிறைவேறி, 2024 மே 1 முதல் பத்தாயிரம் பேருக்கு மேல் வாழும் ஊர்களில் நடைமுறைக்கு வந்த விதி அது. 90 நாளுக்குக் குறைவாக ஆட்களுக்கு விடுவதென்றால் அது நீ குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும். அதோடு அதே வளவில் இருக்கும் இன்னொரு சிறு வீட்டையோ கீழ்த்தட்டையோ விடலாம். அவ்வளவுதான். நீ இருக்கும் வீட்டில் ஒரு அறையை விட உன்னை யார் தடுத்தார்? நீ ஒரு நாளும் படுத்தெழும்பாத இரண்டாவது வீட்டை ஹொட்டல் ஆக்குவதைத்தான் தடுத்திருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் உன் பக்கம் நியாயம் இருக்கிறது. நீ வாங்கும்போது நகரசபை அனுமதித்திருந்த பாவனையை, பிறகு வந்த சட்டம் 'முன்பே இருந்தது, போகட்டும்' என்று விட்டுவைக்கவில்லை. விதியை நம்பிக் கடன் எடுத்தவனுக்கு அது கடுமைதான். விஸ்லர் போன்ற மலை உல்லாச ஊர்களுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறார்களே என்று நீ புறுபுறுப்பதும் விளங்குகிறது. மற்ற ஊர்களுக்கும் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள்: வாடகை வீடுகளில் 3 வீதமோ அதற்கு மேலோ இரண்டு வருடம் தொடர்ந்து காலியாக இருந்தால் ஊர் விலகிக்கொள்ளலாம். ஆனால் அதை நம்பி இன்னொரு கடன் எடுத்துவிடாதே.

2023 ஆவணியில் உங்கள் பக்கம் காடு எரிந்தது நினைவிருக்கிறதா? கெலோனாவுக்கும் பக்கத்து ஊர்களுக்கும் உல்லாசப் பயணிகள் வந்து தங்கக்கூடாது என்று மாகாண அரசு உத்தரவு போட்டு, அறைகளை இடம்பெயர்ந்தவர்களுக்கும் தீயணைப்புக்காரருக்கும் ஒதுக்கியது. அப்போது நீ அதைச் சரியென்றுதான் சொன்னாய். 'எங்களுக்குத் தெரியாத இடப்பெயர்வா' என்றும் சொன்னாய். தீ அணைந்த பிறகும் இருக்க வீடில்லாதவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள், மச்சான். உன் அப்பார்ட்மென்ட் கட்டிடத்தைக் கழுவித் துடைக்கிறவர்கள் எங்கே வாடகைக்கு இருக்கிறார்கள் என்று ஒரு நாள் கேட்டுப் பார்.

மற்ற நாடுகளில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மருந்து. நியூயோர்க்கில் 2023 செப்டெம்பரிலிருந்து, 30 நாளுக்குக் குறைவாக விடுவதென்றால் வீட்டுக்காரரும் உள்ளே இருக்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. பார்சலோனா 2028 நவம்பருக்குள் தன்னிடம் உள்ள 10,101 உல்லாசப் பயணிகள் வீட்டு அனுமதிகளையும் புதுப்பிக்காமல் விடப்போகிறதாம். அதற்கு அடிப்படையான சட்டம் செல்லும் என்று ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றம் போன மாதம்தான் சொன்னது. அம்ஸ்ரடாமில் வருடத்துக்கு 30 இரவுக்கு மேல் விடக்கூடாது, ஜப்பானில் 180க்கு மேல். இந்த இரவு எண்ணும் வேலை எனக்குப் பிடிக்கவில்லை. சைக்கிளில் படலை படலையாகப் போய்ச் சோலைவரி, அதாவது சபைக்குக் கட்டும் வீட்டு வரி, கேட்டவன் நான். இந்த வீட்டில் யார் குடியிருக்கிறார் என்று கேட்டால் விதானையார் சொல்லுவார். போன வருடம் இங்கே எத்தனை இரவு யார் யார் படுத்தார்கள் என்று கேட்டால் கடவுளுக்கும் தெரியாது. உங்கள் மாகாணம் குடியிருப்பைப் பிடித்துக்கொண்டது, அதுதான் கெட்டித்தனம். பதிவு இலக்கத்தை விளம்பரத்திலேயே போட வேண்டும் என்பதும் நல்ல விதி. பரிசோதகர் வீடு தேடி அலையத் தேவையில்லை, போனைத் திறந்து பார்த்தால் போதும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அக்கறையாக வாசித்தேன் என்றால், அந்தக் கதை இப்போது எங்கள் பக்கமும் வருகிறது. முல்லைத்தீவு என்ன சுற்றுலா ஊரா என்று நீ சிரிப்பாய். ஆடி ஆவணியில் வந்து பார். லண்டன், பாரிஸ், ரொறன்ரோ எல்லாம் வான் பிடித்து வருகிறது. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கும், மே 18 முள்ளிவாய்க்காலுக்கும் தங்க இடம் தேடி முதலே போன் அடிக்கிறார்கள். தெற்கிலிருந்து பஸ் பிடித்து வருபவர்கள் நாயாற்றுக் கடலையும் நந்திக்கடலையும் பார்த்துவிட்டுக் கொக்கிளாய்ப் பக்கம் போகிறார்கள். சுண்டிக்குளத்துப் பறவைகளைப் படமெடுக்க நீள லென்ஸோடு வரும் கூட்டம் வேறு. 'ஏசி றூம், வைஃபை' என்ற போர்டு இப்போது ஒழுங்கைக்குள்ளும் தொங்குகிறது.

உங்கள் மாகாணத்தின் பத்தாயிரம் பேர் என்ற அளவுகோலை இங்கே வைத்தால் எங்கள் ஊர்கள் பலவும் கணக்கிலேயே வராது. ஆனால் வீட்டுப் பஞ்சத்துக்கு ஆள் தொகை தேவையில்லை. 2004 சுனாமி கரையோரத்தைக் கொண்டுபோனது, மிச்சத்தை 2009 கொண்டுபோனது. திரும்பி வந்தவர்களுக்கு இந்திய வீட்டுத்திட்டத்தில் 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய், அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாகக் கிடைத்தது. போதாததற்கு நகை அடகு வைத்து முடித்தவர்கள் எத்தனை பேர்! அந்த வீட்டில் ஒரு குடும்பம் நெருக்கிக்கொண்டு இருக்கலாம், வாடகைக்கு விட அறை கிடையாது. அப்போ வெளியூரிலிருந்து வேலைக்கு வரும் ரீச்சர், நேர்ஸ், கிளார்க் எல்லாம் எங்கே இருப்பது? உங்களைப் போல வெளிநாட்டில் இருப்பவர்கள் பூட்டி வைத்திருக்கும் வீடுகள்தான் கதி. அதுவும் கிடைக்காதவர்கள் விடியமுன் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, பரந்தனில் திரும்பி, பாதி நித்திரையில் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேருகிறார்கள். என்ஜிஓக்கள் ஜீப்போடு வந்த காலத்திலும் வாடகை ஏறியது, அவர்கள் போனதும் இறங்கியது. இது இறங்குகிற மாதிரித் தெரியவில்லை.

இங்கே ஒரு கணித ரீச்சர் இருந்தா. கைக்குழந்தையோடு, லண்டன்காரர் ஒருவருடைய வீட்டில் ஒழுங்காக வாடகை கட்டி இருந்தவ. பங்குனியில் எழும்பச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரரின் மருமகன் ஏசி பூட்டி, சீசனுக்கு இரவுக் கணக்கில் விடப்போகிறாராம். ஆடி ஆவணி வருமானமே அவவின் வருட வாடகையைத் தாண்டும் என்பது கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் கார்த்திகை மழைக்குள் யார் வந்து தங்கப்போகிறார்? வீடு திரும்பவும் பூட்டிக் கிடக்கும். ரீச்சர் இப்போது கிளிநொச்சியிலிருந்து வந்து போகிறா. இன்னும் ஒரு வருடம் இப்படி ஓடினால் இடமாற்றம் எழுதிக் கொடுத்துவிடுவா. பிறகு எங்கள் பிள்ளைகள் கணிதத்துக்கு ரியூசன் தேடி அலைய வேண்டியதுதான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். கடற்கரைக்குப் போகிற வழியில் புருஷன் இல்லாத ஒரு பிள்ளை, வீட்டோடு ஒரு அறையை இறக்கிக் கட்டி வருகிறவர்களுக்கு விடுகிறா. நண்டுக் கறியும் புட்டும் கொடுக்கிறா. அந்தக் காசில்தான் மகள் கம்பஸ் போகிறாள். அந்தப் பிள்ளையை எந்தச் சட்டமும் தொடக்கூடாது என்பது என் கட்சி. ஆனால் இப்போது இருக்கிற சட்டம் பிடிப்பதென்றால் முதலில் அவவைத்தான் பிடிக்கும்! ஏனென்றால் அவவின் காணி, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுபட்ட காணியை நினைத்தபடி விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ முடியாது. வன்னியில் பாதிப் பேருடைய சீவியம் இந்தப் பெர்மிட்டில்தான் தொங்குகிறது, உனக்குத் தெரியாததா. உறுதிக் காணியில் மாடி கட்டிப் பூட்டிவிட்டுப் போனவரை அந்தச் சட்டம் ஒன்றும் கேட்காது.

உல்லாசப் பயணத்துக்கென்று 2005ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் ஹோம்ஸ்டே என்று தனியாகப் பதியலாம். தங்குவிடுதிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கும் அதிகாரம் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்திலேயே இருக்கிறது. அதிகாரம் இல்லாமலில்லை, இரண்டு அலுவலகத்தின் புத்தகங்களும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. சுற்றுலா அதிகாரசபையில் விடுதி என்று பதிந்த வீடு பிரதேச சபையின் சோலைவரி இடாப்பில் குடிமனையாகவே கிடக்கும். பல வீடுகள் இரண்டிலும் இல்லை.

மே 6 உள்ளூராட்சித் தேர்தல். 2023 பங்குனியிலிருந்து சபைகளில் உறுப்பினர்களே இல்லாமல் செயலாளர்கள்தான் நடத்தினார்கள், இப்போதுதான் திரும்பப் படலைக்குப் படலை ஆள் வருகிறது. வாக்குக் கேட்டு வந்த பெடியன் ஒருவனை மறித்து இதைக் கேட்டேன். 'ஐயா, உல்லாசப் பயணத்தை வளர்க்க வேணும், இப்பவே சட்டம் போட்டால் காசு போடுறவன் ஓடிடுவான்' என்றான். ஓடுகிறவன் ஓடட்டும் என்றேன். ஹொட்டல் கட்டுகிறவன் ஹொட்டல் கட்டட்டும், அதற்குக் காணி இருக்கிறது. குடியிருக்கும் வீட்டில் அறை விடுகிறவர்களுக்கு ஒரு பக்கப் படிவமும் சிறு கட்டணமும் போதும். ஆளில்லாத வீட்டை இரவுக் கணக்கில் விடுகிறவர் விடுதி அனுமதி எடுக்கட்டும், சோலைவரியும் வியாபாரக் கணக்கில் கட்டட்டும். இத்தனை வீட்டுக்கு மேல் இல்லை என்று வட்டாரத்துக்கு ஒரு எல்லையும் வேண்டும். கெலோனாவில் எல்லாரும் கடன் எடுத்து வாங்கி முடிந்த பிறகு விதி போட்டார்கள், அதனால்தான் நீ அழுகிறாய். இங்கே இன்னும் யாரும் பெரிய காசு போடவில்லை. இப்போது போட்டால் அழுகிறவர் குறைவு. பெடியன் தலையாட்டினான், நோட்டீஸ் தந்தான், போய்விட்டான்.

இனி உன் முள்ளியவளை வீடு. சீசனுக்கு முன் பெயின்ட் அடித்து, ஏசி பூட்டி, படம் எடுத்து எயார்பிஎன்பியில் போடு, வருவதில் உனக்கும் பங்கு என்று எழுதியிருக்கிறாய். அங்கே மூடிய கடையை இங்கே திறக்கப் பார்க்கிறாய், என்ன? நான் அதைச் செய்யமாட்டேன், மச்சான். பங்கு குறைவென்று நினைக்காதே. திறப்பு என் கையில் இருக்கும்போது அந்த ரீச்சரை எப்படி முகம் பார்ப்பது?

நான் சொல்வது இது. வீட்டை அவவுக்கே வருட வாடகைக்குக் கொடு. குடி வந்தவர் எழும்பமாட்டார் என்று உன் ஐயா காலத்திலிருந்து உங்களுக்கு ஒரு பயம். 1972 வாடகைச் சட்டத்தை வைத்து வருடக்கணக்கில் இழுபட்ட வழக்குகளைக் கண்டவர் அவர், பயந்தது நியாயம்தான். நொத்தாரிசிடம் போய் ஒரு வருட ஒப்பந்தம் எழுதி, ஒவ்வொரு வருடமும் புதுப்பிப்போம். சாமி அறையையும் முன் அறையையும் உங்கள் சாமான்களோடு பூட்டி வை. நீங்கள் வரும்போது எங்கள் வீட்டில் நில்லுங்கள், இல்லையென்றால் அந்த முன் அறையில். ரீச்சருக்கு அதில் ஆட்சேபனை இல்லையாம், கேட்டுவிட்டேன். உன்னைக் கேட்கமுன் அவவைக் கேட்டதற்குக் கோபிக்காதே. வாடகை பெரிதாக வராது, ஆனால் பன்னிரண்டு மாதமும் வரும். பூட்டிய வீட்டைக் கறையான் தின்பதும் நிற்கும். குசினிப் பக்கத்து வளையை ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

கிணற்று மோட்டர் எரிந்து கிடக்கிறது. கொயில் சுற்றக் கொடுக்க வேண்டும், இப்போதைக்கு என் காசில் கொடுக்கிறேன், வரும்போது தா. உறுதியில் அக்காவின் பெயரும் இருப்பதால் அவவின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கி அனுப்பு. அடுத்த தவணை தொடங்கமுன் பதில் வேண்டும் என்கிறா ரீச்சர், எனவே இந்தத் தடவை வாட்ஸ்அப்பிலேயே சொன்னாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்