கரை ஒடுங்கிய துணி

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் சென்ற கிழமை கிடைத்தது. கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து நிம்மதியடைந்தேன். ஓய்வுபெற்றபின் பொழுதை எப்படிப் போக்குகிறேன் என்று கேட்டிருந்தீர். சிரிக்காமல் வாசியும், நெசவு பழகுகிறேன்.

ஊர்த் தச்சர் செய்து தந்த, மேசைமேல் வைக்கும் 15 அங்குல அகலத் தறி அது. கால்மிதி கிடையாது. துளையும் பிளவும் மாறி மாறி வரும் ஒரு பலகையே, நூலை அடித்துச் சேர்க்கும் அச்சின் வேலையையும் இழைகளை ஏற்றி இறக்கும் விழுதின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது: துளைகளில் கோத்த பாவிழைகள், அதாவது நீளவாட்டு இழைகள், பலகையோடு ஏறி இறங்க, பிளவுகளில் கோத்தவை நின்ற இடத்திலேயே நிற்க, இரண்டுக்கும் நடுவில் திறக்கும் வழியால், குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடா போகிறது. 150 இழைகளைக் கோக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அப்படியும் ஒரு துளையில் இரண்டு இழை நுழைந்துவிட, துணியின் நீளம் முழுக்க ஒரு தடித்த கோடு ஓடிவிட்டது.

அதைவிடப் பெரிய தொல்லை துணியின் கரையில், அதாவது ஓரத்தில் வந்தது. ஊடையை, அதாவது குறுக்கு நூலை, இறுக்கி இழுத்தால்தான் கரை நேராக நிற்கும் என்ற நினைப்பில் நெய்துகொண்டே போனேன். ஒரு முழம் ஏறுவதற்குள் துணி 12 அங்குலமாக ஒடுங்கி, கரையோர இழைகள் பலகையில் உராய்ந்து அறுந்தன. மருதமுனையில், நிலத்தில் தோண்டிய குழிக்குள் காலை வைத்து நெய்யும் குழித்தறியில் சாறன் நெய்துகொண்டிருந்த வயதான காக்கா ஒருவரிடம் அந்தத் துண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டு, "இது துணியில்ல சேர், கயிறு" என்றார். ஊடை ஒவ்வொரு பாவிழைக்கும் மேலும் கீழுமாக வளைந்து போவதால் துணியின் அகலத்தைவிட அதற்குக் கூடுதல் நீளம் வேண்டும். ஆகவே நூலைச் சரிவாகத் தளரக் கிடத்தி, அதன் பிறகே அடித்துச் சேர்க்க வேண்டும் என்று செய்தும் காட்டினார்.

வறண்ட கச்சான் காற்று வீசும் இந்நாட்களில் இழை அறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பருத்தி நூல் காய்ந்தால் வலுக் குறையும், ஈரப்பதன் இருந்தால் உறுதிப்படும். குழித்தறியில் பாவு நிலத்தை ஒட்டிக் கிடப்பது இதற்கும் உதவுகிறது. விறாந்தையிலிருந்த தறியை உள்ளறைக்கு மாற்றி, அதன் கீழே நனைத்த சாக்கொன்றை விரித்திருக்கிறேன். வீட்டில் அதற்கு ஏச்சு வாங்கியது தனிக்கதை.

கணக்கில் உமக்குள்ள பிரியத்துக்காக ஒன்று: 40 ஆம் நம்பர் ஒற்றைப்புரி நூல் என்றால், ஓர் இறாத்தலில் 840 யார் கொண்ட நூற்கழிகள் 40 இருக்கும். அதாவது 33,600 யார், ஏறத்தாழ 19 மைல். இங்கிருந்து இழுத்தால் களுவாஞ்சிக்குடியையும் தாண்டிவிடும்!

இரண்டாவது துண்டு இப்போது தறியில் 14 அங்குலத்தில் நிற்கிறது. முதலாவதை இத்துடன் அனுப்புகிறேன், மூக்குக்கண்ணாடி துடைக்க உதவும். அந்தத் தடித்த கோட்டை மட்டும் உம்முடைய வீட்டுக்காரிக்குக் காட்ட வேண்டாம்.

அன்புடன்,
உமது பழைய வகுப்புத் தோழன்