பீப்பாய் கட்டி வைத்தவர்கள் ஏமாளிகளா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சபத்தாய் ஸெவி பற்றி வந்த கட்டுரை விறுவிறுப்பாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள ஸ்மிர்னாவில் பிறந்த ஒரு மனிதரை மெசியா, அதாவது யூதர்கள் காத்திருந்த மீட்பர் என்று நம்பி யூத உலகமே ஆடிப்போனதையும், 1666 செப்டம்பரில் அவர் துருக்கி சுல்தான் முன்னால் தலைப்பாகை கட்டிக்கொண்டு முஸ்லிமானதையும் கட்டுரையாளர் சுவையாகவே சொல்லியிருந்தார். ஆனால் நம்பியவர்களைப் படிப்பறிவில்லாத ஏழைக் கூட்டம் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டாரே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஹாம்பர்க் நகரத்தில் தங்கமும் முத்தும் விற்ற குடும்பத்துப் பெண் கிளிக்கல். கணவரை இழந்தபின் 1691ல், ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் தன் வாழ்க்கையை எழுதத் தொடங்கியவர். அவருடைய மாமனார் வீடு வாசலை விட்டுவிட்டு ஹில்டஸ்ஹைம் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து இரண்டு பெரிய பீப்பாய்களை ஹாம்பர்க்குக்கு அனுப்பி வைத்தார். உள்ளே துணிமணி, பட்டாணி, பீன்ஸ், உப்புக்கண்டம், உலர்ந்த பிளம்ஸ். மெசியா யூதர்களை அழைத்துச் செல்வார் என்று நம்பிய புனித பூமிக்கு ஹாம்பர்க்கிலிருந்து கப்பலேற வேண்டியதுதான் பாக்கி. ஒரு வருடம் போனதும் கறி கெட்டுத் துணியையும் நாறடித்துவிடுமே என்று பயந்து, தின்பண்டத்தையெல்லாம் எடுத்துவிடச் சொல்லி எழுதினாராம். அப்புறமும் பீப்பாய்கள் மூன்று வருடம் வரை வீட்டிலேயே கிடந்தன. கணக்குப் பார்த்து வாழ்ந்த வியாபாரக் குடும்பம் இது. ஆம்ஸ்டர்டாமின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான ஆபிரகாம் பெரைரா இன்னும் ஒரு படி மேலே போய்க் கிளம்பியே விட்டார். வெனிஸ் வரைக்கும் போனார். மெசியா வருகைக்கான ஜெபப் புத்தகங்களை அச்சடித்துத் தள்ளியதும் அதே ஆம்ஸ்டர்டாம்தான்.

எதிர்த்தவர்களும் இருந்தார்கள். லண்டனில் பிளேக் பரவியபோது ஹாம்பர்க் வந்து சேர்ந்த ரபி (யூத மத குரு) யாக்கோப் சஸ்போர்தாஸ் கடிதம் கடிதமாக எழுதி மறுத்தார். ஆனால் அங்கே அவர் பேச்சு எடுபடவில்லை.

ஏன் நம்பினார்கள்? சபத்தாய் 1648லேயே தன்னை மெசியா என்று சொல்லிக்கொண்டதாகச் சொல்வார்கள். பதினேழு வருடம் யாரும் சட்டை செய்யவில்லை. 1665ல் காஸாவைச் சேர்ந்த நாதன் என்ற இளம் அறிஞர் இவர்தான் மெசியா என்று அறிவித்த பிறகே ஊர்கள் பற்றிக்கொண்டன. உலகமெங்கும் சிதறிக் கிடக்கும் தெய்வீகப் பொறிகளை ஜெபத்தாலும் நோன்பாலும் சேர்த்தெடுக்க வேண்டும் என்று 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் நகரில் ஐசக் லூரியா போதித்திருந்தார். கபாலா எனப்படும் அந்த யூத மறைஞான மரபில் ஊறியவர் நாதன். இதோடு 1648ல் உக்ரைனில் கோசாக்குகள் என்ற போர்க்குடியினர் யூதர்கள் மீது நடத்திய படுகொலையையும் சேர்த்துப் பாருங்கள். தப்பியவர்கள் பல நாடுகளுக்கு ஓடினார்கள். சபத்தாய் மணந்த சாராவே அப்படி அனாதையான போலந்துப் பெண். இத்தனை கண்ணீருக்கும் ஒரு கணக்குத் தீரும் நாள் உண்டு என்று ஒருவர் சொன்னால் அதைக் கேட்க மனம் ஏங்காதா?

மதம் மாறிய பிறகும் நம்பிக்கை முழுசாக அறுந்துவிடவில்லை. கட்டுரையில் இந்தப் பகுதியே இல்லை, எனக்கு அதுதான் பெரிய குறை. ஆபிரகாம் கார்டோசோ ஸ்பெயினில் வெளியே கிறிஸ்தவராகவும் உள்ளே யூதராகவும் வளர்ந்தவர், மருத்துவர். எங்கள் முன்னோர் கட்டாயத்தின் பேரில் வேறு மதத்தின் போர்வையில் வாழ்ந்தார்களே, மெசியாவுக்கும் அதே அவமானம் விதிக்கப்பட்டிருக்கிறது என்று அவர் வாதாடினார். வறட்டு சமாதானம் என்று இன்று தோன்றலாம். இன்குவிசிஷன் என்ற கத்தோலிக்க மத விசாரணையிலிருந்து தப்பி வந்த ஒரு குடும்பத்தின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? கிளிக்கல் அப்படிச் சமாதானம் தேடவில்லை. பிரசவ வலி முழுதும் பட்டுக் கடைசியில் காற்றைப் பெற்றவள் போலானோம் என்று எழுதிவிட்டு, கடவுளிடமே முறையிடுகிறார்.

1683ல், இன்றைய கிரீஸிலுள்ள சலோனிகாவில் சுமார் 300 குடும்பங்கள் சபத்தாயைப் பின்பற்றி இஸ்லாத்துக்கு மாறி, உள்ளுக்குள் பழைய நம்பிக்கையைக் காத்துவந்தன. இதைப் பற்றி அடுத்த இதழில் எழுதுவதாகக் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கிறார். கார்டோசோவையும் அதில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

— ஒரு வாசகர், கும்பகோணம்