வியாசர்பாடித் தம்பிக்கு: கப்பிக்கு எதுக்குப்பா கேன் தண்ணீர்?

அன்புத் தம்பி முரளிக்கு,

கொளத்தூரில் வாங்கிய ஆறு ஜோடி கப்பி மீனும் ஒரே வாரத்தில் போய்விட்டன, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எழுதியிருந்தாய். கடைக்காரரை விடு. "நல்ல தண்ணியா இருக்கட்டும்னு கேன் தண்ணி ஊத்தினேன்" என்று கடைசியில் போட்டிருக்கிறாயே, வினை அங்கேதான் இருக்கிறது.

கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் எல்லாம் நாம் குடிக்க. அதில் கால்சியமும் மெக்னீசியமும் பெரும்பாலும் போய்விடும். கப்பியோ உப்புத்தன்மை கொஞ்சம் கூடினாலும் தாங்குகிற, கடினத் தண்ணீர் மீன். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு, 50 உள்ள தண்ணீரில் விட்டால் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே உடம்பை நெளித்து நெளித்து ஆடும். நீ "நடுங்குது" என்று எழுதியது இதைத்தான்.

உங்கள் தெரு போர் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் பார். 300 முதல் 600 வரை இருந்தால் தாராளமாக ஊற்றலாம். ஆயிரத்தைத் தாண்டினால் குழாயில் வரும் மெட்ரோ தண்ணீர் கலந்து இறக்கு. ஆனால் மெட்ரோ தண்ணீரை வந்த கையோடு ஊற்றாதே, குளோரின் செவுளை அரித்துவிடும். வாய் அகன்ற டிரம்மில் பிடித்து, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டு, ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு எடு.

இன்னொன்று, புதுத் தொட்டியில் ஒரே நாளில் பன்னிரண்டு மீன். இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டியில் ஐம்பது லிட்டர்தான் நிற்கும். மீன் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஊறி வர நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை இரண்டு மூன்று மீன் போதும். தெரிந்தவர் தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்ச் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அதைக் குழாயடியில் அலசாதே, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழி. வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்று. ஹீட்டர் நம்ம ஊருக்குத் தேவையில்லை. மே மாதம்தான் பிரச்சினை, தண்ணீர் சூடேறினால் ஆக்சிஜன் குறையும். மூடியை எடுத்துவிட்டு வலை கட்டி ஃபேனைத் திருப்பு.

ஜோடி ஜோடியாக விற்பது கடைக்காரர் வசதி. ஆண் ஓயாமல் துரத்தும், ஒற்றைப் பெண் ஓய்ந்துவிடும். ஓர் ஆணுக்கு மூன்று பெண் விடு. வாங்கும்போதே பெண் சினையாக இருக்கும். ஆணின் விந்தைச் சேமித்து வைத்து, ஆணே இல்லாமல் மாதக்கணக்கில் ஈனும். அதனால் முதல் சில ஈற்றுக் குட்டிகள் நீ விட்ட ஆணைப் போல இராது. கலர் சுத்தமாக வேண்டுமென்றால் கன்னிப் பெண்ணாகத் தேடு.

சினைக்காலம் ஏறக்குறைய நாலு வாரம். பின்வயிற்றில் கரும்புள்ளி பெரிதாகி, வயிறு உருண்டையிலிருந்து சதுரமாகத் தெரிந்தால் இன்றோ நாளையோ. பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைக்காதே, பதறிப்போய் ஈற்றே தள்ளிப்போகும். வேலம்பாசியை அடர்த்தியாகப் போட்டால் குட்டி அதில் ஒளிந்துகொள்ளும்.

குட்டிக்குத் தீனியாக ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறாலுக்கு நிகர் எதுவும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் கல்லுப்பு, அரை டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை. அடி அறுத்த பாட்டிலைத் தலைகீழாக நிறுத்திப் பலமாகக் காற்று விடு. 28 டிகிரியில் ஒரு நாளில் பொரியும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சு கீழே திரளும். குழாயால் அடியிலிருந்து உறிஞ்சி, துணியில் வடிகட்டி அலசிப் போடு. ஓடு கலந்தால் குட்டி வயிற்றில் அடைத்துக்கொள்ளும். அவித்த மஞ்சள் கருவும் கொடுப்பார்கள், எனக்குப் பிடிக்காது. கொண்டை ஊசி முனை அளவைத் தாண்டினால் தண்ணீர் நாறும்.

மூன்று வாரத்திலிருந்து அடித்துடுப்பைக் கவனி. விசிறி போல இருந்தால் பெண், குச்சியாகக் கூர்ந்தால் ஆண். அப்போதே பிரித்துவிடு.

சாக்கடைச் சிவப்புப் புழு வேண்டவே வேண்டாம். ஆசனத்துளையில் சிவப்பு நூல் நீட்டிக்கொண்டிருக்கும் மீனை வலைக்குள்ளேயே விடாதே, அது குடற்புழு, தொட்டி முழுக்கப் பரவும்.

பெருகிப்போன குட்டிகளை ஓட்டேரி நாலாவிலோ ரெட்டேரியிலோ கொட்டாமல் கொளத்தூர் கடையிலேயே கேட்டுப் பார், நல்ல வால் ஆணென்றால் எடுத்துக்கொள்வார்கள்.

இந்த வாரம் மீட்டர் மட்டும் வாங்கு. டிடிஎஸ் எவ்வளவு காட்டுகிறது என்று எழுது, கலவை அளவைச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்