போட்டிக் குழு அண்ணாச்சிமாருக்கு: அந்த 100 நொடி பற்றி

வணக்கம். போன சனிக்கிழமை ராத்திரி பாளையங்கோட்டையில் நீங்கள் நடத்தும் கூடைப்பந்துப் போட்டியில் அன்றைய கடைசி ஆட்டம் முடிந்து விளக்கை அணைத்த பிறகும் எங்கள் பையன்கள் கேலரியை விட்டு எழுந்திருக்கவில்லை. அம்பாசமுத்திரத்துப் பையன் ஒருவன் கடைசிப் பஸ்ஸையும் விட்டுவிட்டான். அன்று ராத்திரி அவர்கள் தோற்கவில்லை, ஆடவே இல்லை. ஆனாலும் போட்டியை விட்டு வெளியே போய்விட்டார்கள்.

சாப்பாட்டில் குறையே இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் நீங்கள் போட்ட சொதியைப் பற்றி வெளியூர் அணிகள் இன்னும் பேசுகின்றன. ஆனிக் காற்று பந்தைத் தள்ளிக்கொண்டு போனதற்கும் உங்களைக் கேட்க முடியாது. என் வழக்கு ஃபிக்சரோடுதான், அதாவது யார் யாரோடு எப்போது ஆடுவது என்ற அட்டவணையோடு.

ஆறு அணிகளை மும்மூன்றாகப் பிரித்து, பிரிவுக்கு இரண்டு அணி அரையிறுதிக்கு என்று வைத்தீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் அணியிடம் நாங்கள் 6 பாயின்டில் தோற்றோம். சனிக்கிழமை காலையில் இன்னொரு அணியை 4 பாயின்டில் ஜெயித்தோம். எங்கள் கணக்கு அதோடு முடிந்தது: மைனஸ் 2. ராத்திரி அந்த இரண்டு அணிகளும் மோதின. மூன்று அணிக்கும் ஆளுக்கு ஒரு வெற்றி, ஒரு தோல்வி என்று வந்தால், அந்த மூவருக்குள் நடந்த ஆட்டங்களின் பாயின்ட் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதி அது, அதில் தவறில்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எங்களிடம் தோற்ற அணி 3-லிருந்து 7 பாயின்டுக்குள் ஜெயித்தால் அவர்கள் இருவரும் உள்ளே, நாங்கள் வெளியே. இது கோர்ட்டில் நின்ற பத்துப் பேருக்கும் தெரியும். சர்பத் விற்ற அண்ணாச்சிக்கும் தெரியும்.

எங்களிடம் தோற்ற அணி 4 பாயின்ட் முன்னால் இருந்தபோது 100 நொடி பாக்கி. பந்து தோற்றுக்கொண்டிருந்த அணியின் கையில். அவர்கள் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்று ஒருவருக்கொருவர் பந்தைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரணியும் கிட்டே போகவில்லை. 24 நொடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டுமென்ற விதியை ஒழுங்காகப் பார்த்திருந்தால் அந்த 100 நொடியில் குறைந்தது நான்கு தடவை ரிங்கைப் பார்த்திருப்பார்கள். ஆனால் அந்த 24 நொடியை எண்ணிக் காட்டும் ஷாட் கிளாக் ரிப்பேர். "மனசுக்குள்ள எண்ணிக்கிட்டிருக்கோம்" என்று ஸ்கோரும் நேரமும் குறிக்கும் டேபிளில் இருந்து பதில் வந்தது. அவர்கள் மனசுக்கு 24 வரை எண்ண ஒன்றரை நிமிஷம் ஆகும் போல. கடைசியில் ஒரே ஒரு ஷாட். அதுவும் போர்டில் மட்டும் பட்டு வந்தது.

அந்தப் பையன்களை நான் திட்டமாட்டேன். அவர்கள் இடத்தில் நான் கோச்சாக இருந்திருந்தால் அதையேதான் செய்யச் சொல்லியிருப்பேன். பேசி வைத்து ஆடினார்கள் என்றும் சொல்லவில்லை. பேச வேண்டிய அவசியமே இல்லாமல் ஃபிக்சரே எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டது.

இது புதுக் கதையும் இல்லை. 1982 உலகக் கோப்பைக் கால்பந்தில், ஸ்பெயினின் கிகோன் நகரில் மேற்கு ஜெர்மனி பத்தாவது நிமிடத்தில் ஒரு கோல் போட்டது. 1-0 என்றால் அதற்கும் ஆஸ்திரியாவுக்கும் அடுத்த சுற்று உறுதி. மீதி நேரம் பெரும்பாலும் பந்தை உருட்டிக்கொண்டே கழிந்தது. முந்தின நாளே தன் ஆட்டங்களை முடித்துவிட்ட அல்ஜீரியா வீட்டுக்குப் போனது. அதற்கப்புறம்தான், 1986-லிருந்து, பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் வைக்கிறார்கள். ஷாட் கிளாக் வந்த கதையும் இப்படித்தான். 1950 நவம்பரில் அமெரிக்காவில் 48 நிமிட ஆட்டம் ஒன்று 19-18 என்று முடிந்தது. பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டே ஒரு அணி ஜெயித்தது. இப்படிப்பட்ட ஆட்டங்களைப் பார்த்துச் சலித்துத்தான் 1954-ல் அங்கே 24 நொடி விதியைக் கொண்டுவந்தார்கள்.

மூன்று அணிப் பிரிவில் என்ன செய்தாலும் கடைசி ஆட்டத்தன்று ஒரு அணி கேலரியில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அடுத்த வருஷம் எட்டு அணியாக்கி, நான்கு நான்காகப் பிரியுங்கள். பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களையும் ஒரே மணிக்கு இரண்டு கோர்ட்டில் வையுங்கள். பாளையில் பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் பஞ்சமா, கேட்டால் இன்னொரு கோர்ட் தரமாட்டார்களா? அது முடியாதென்றால் நான்கு அணியோடு நேரே அரையிறுதி வையுங்கள். தோற்றால் தோற்றோம் என்று போய்விடலாம்.

ஷாட் கிளாக் ரிப்பேர் ஆனாலும் ஒரு ஸ்டாப் வாட்ச், ஒரு பள்ளிக்கூட மணி, எண்ணத் தெரிந்த ஒரு ஆள் போதும். ஆள் இல்லையென்றால் எங்கள் கிளப்பிலிருந்து இரண்டு பேரை அனுப்புகிறேன். எங்கள் பிரிவு ஆட்டத்துக்கு மட்டும் அவர்களை உட்கார வைக்காதீர்கள். அப்புறம் நானே ஒரு மடலுக்குப் பதில் எழுத வேண்டியிருக்கும்.