2024–25 ஆண்டறிக்கை: மிளகாய் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மாடித்தோட்டச் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவானபடி இந்த ஆண்டை மிளகாய்க்கே ஒதுக்கினோம். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலைக் கூட்டங்களில் மழையால் ஒன்று மட்டும் தவறியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதில் ‘மருந்து’ என்ற தலைப்பில் வரும் தொகையைக் கேட்டு யாரும் பதற வேண்டாம். அதற்கு விளக்கம் சொல்லத்தான் இந்த அறிக்கை.

ஆடிப்பட்டத்தில் சம்பா, ராமநாதபுரம் குண்டு, காந்தாரி என்ற மூன்று மிளகாய் ரகங்களையும் குழித்தட்டில் போட்டோம். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்தே குண்டு மிளகாய் விதைக்கு நம்மிடையே கொஞ்சம் அடிதடி உண்டு. முளைப்பு நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் நாற்றுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் நூல் போல இற்றுப்போயிருந்தது. நாற்றழுகல். காலையில் வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்ற, மாலையில் வீட்டம்மா ஊற்ற, தென்னைநார்க் கழிவு காயவே இல்லை. மறுபடி விதைத்தபோது கிலோவுக்கு 4 கிராம் என்ற கணக்கில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற, அழுகல் நோயைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சணத்தை விதையில் புரட்டினோம். நம் விதைக்கு அது ஒரு சிட்டிகைதான். தட்டைத் தூக்கிப் பார்த்து, கனம் குறைந்திருந்தால் மட்டும் தண்ணீர் தெளித்தோம். அதன்பின் நாற்று நின்றது.

அசாமிலிருந்து ஓர் உறுப்பினர் கொண்டுவந்த பூத் ஜொலோக்கியா மிளகாய் விதை இருபது நாளாகியும் தலைகாட்டவில்லை. செத்த விதை என்று தட்டைச் சிறுகீரை வளரும் பையில் கவிழ்த்துவிட்டார். ஒன்றரை மாதம் கழித்துக் கீரை பிடுங்கும்போது நடுவே மூன்று மிளகாய்க் கன்றுகள்! அந்த ரகம் அப்படித்தான், சாவகாசமாக முளைக்கும். உலகிலேயே காரமானது என்று 2007-ல் கின்னஸில் ஏறிய மிளகாய், நம் ஊரில் சிறுகீரைக்குள் ஒளிந்து வளர்ந்தது.

இனி மருந்துச் செலவு. அக்டோபர் கூட்டத்துக்கு ஓர் அம்மா பையோடு செடியைத் தூக்கி வந்தார். இலையெல்லாம் சுருண்டிருந்தது. இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம்: வேப்பெண்ணெய், இஞ்சி பூண்டு கரைசல், புளித்த மோர், கடைக்காரர் கொடுத்த நீல டப்பா. அந்த வாரமே சங்கப் பணத்தில் எல்லாமும் வாங்கியாயிற்று. சுருட்டை மட்டும் நிற்கவில்லை. அடுத்த கூட்டத்தில்தான், தபால் இலாகாவில் ஓய்வுபெற்ற நம் அண்ணன், “முதல்ல என்ன பூச்சின்னு யாராவது பாத்தீங்களாய்யா?” என்று கேட்டார். ஒருவரும் பார்க்கவில்லை. பத்து மடங்கு காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கினோம். இந்த ஆண்டின் உருப்படியான செலவு அது ஒன்றுதான் என்பது என் கருத்து.

இலை ஓரம் மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் இலைப்பேன். பூவை வெள்ளைத்தாள் மேல் தட்டினால், சிறு கோடு கிழித்தாற்போல் ஓடுவது தெரியும். இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, அடிப்பக்கம் பழுப்படித்தால் அது சிலந்திப்பேன். அதற்கு எட்டுக் கால், பூச்சி இனமே இல்லை. நீல டப்பா பூச்சிமருந்து அதை ஏன் தொடவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அதற்கு நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தகத் தூள் கேட்டது. வெயில் தாழ்ந்தபின் அடிக்க வேண்டும். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தால் இலை கருகும். என் வீட்டுச் செடிகள் நான்கு இதற்குச் சாட்சி. இலை சிறுத்து, மஞ்சளோடி, கணுக்கள் நெருங்கிச் செடி குட்டையாக நின்றால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். அதற்கு மருந்தில்லை, பிடுங்கிப் பையில் கட்டிப் போட வேண்டியதுதான். அந்த அம்மாவின் செடிக்கு வந்தது அதுதான். பிடுங்க மனமில்லாமல் இரண்டு வாரம் வைத்திருந்தார். பக்கத்துப் பைகளுக்கும் பரவியது. இப்போது வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டையும் இலைப்பேனுக்கு நீல அட்டையும் தொங்கவிட்டிருக்கிறோம்.

பூ உதிர்வைப் பற்றிச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கடலைப் புண்ணாக்குக் கரைசலை வாரம் தவறாமல் ஊற்றியவன் நான். செடி கறிவேப்பிலை மரம்போல் தழைத்தது, பூ இல்லை. தழைச்சத்தை நிறுத்திச் சாம்பல் கொஞ்சம் போட்டபின் பூத்தது. பங்குனியில் பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டியதும் வந்த பூவும் கொட்டியது. நிழல்வலை கட்டியவர்களுக்குப் பாதியாவது தங்கியது.

காயின் நுனி கறுத்துக் குழிந்தது பூஞ்சணம் அல்ல, சுண்ணாம்புச்சத்துப் பற்றாக்குறை. முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டவர்கள் அடுத்த வாரமே பலன் எதிர்பார்த்தார்கள். ஓடு கரைய மாதக்கணக்காகும். மண்ணில் சத்து இருந்தாலும் தண்ணீர் ஒருநாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்றிருந்தால் அது காய்க்குப் போய்ச் சேராது.

ஜொலோக்கியா அறுவடை நாளன்று வெறுங்கையால் நறுக்கிய இருவர் இரவு முழுக்கத் தூங்கவில்லை. காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில் இருக்கிறது. தண்ணீரில் அது போகாது. தேங்காய் எண்ணெய் தேய்த்துச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அடுத்த ஆண்டுக்குக் கையுறை வாங்கச் செயற்குழு ஒப்புதல் தந்துள்ளது.

சந்தா பாக்கி வைத்திருப்போர் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். ஆனால் லென்ஸ் தைப்பொங்கலுக்குப் பிறகு யார் வீட்டில் இருக்கிறது என்பது என் பதிவேட்டில் இல்லை. வைத்திருப்பவர் கூட்டம் முடிந்து சுண்டல் வாங்கும்போது மேசைமேல் வைத்துவிட்டுப் போகலாம். யாரும் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
செயலாளர்